மூன்று கட்டங்கள்

வெள்ளிக்கிழமைக்குள் மூன்று கட்டங்களையும் நிரப்பியாக வேண்டும். திங்கள் மத்தியானம் வரை அந்தப் படிவத்தில் அழகிரியின் பெயரைத் தவிர வேறெதுவும் இல்லை.

துவாக்குடியில் இரும்புக் குழாய்களை வெட்டிப் பற்றவைக்கும் பட்டறை ஒன்றில் அவர் சூப்பர்வைசர். சரக்கு ஏற்ற வந்த லாரிக்காரர் ஒருவர், இந்த ஆள் எல்லாரிடமும் எரிந்து விழுகிறார் என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்டுவிட்டார். ஒரு நாள் முழுக்க ஏசி அறையில் உட்காரவைத்து, பிறர் மனதைப் புரிந்துகொள்வது எப்படி என்று அவருக்குப் பாடம் நடத்தினார்கள். இனி மூன்று ஊழியர்களின் மனக்குறையைக் கேட்டு, தான் காட்டிய பரிவையும் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் ராணிப்பேட்டைக்கு மாற்றல். ஸ்ரீரங்கத்தில் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மனைவிக்கு முதுகில் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

பட்டறையில் மொத்தமே மூன்று ஆட்கள். வெல்டர் இளவரசனைக் கூப்பிட்டு, மனதில் என்ன குறை என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றான். ஃபிட்டர் அற்புதசாமிக்கும் இல்லை. கிரைண்டிங் பார்க்கும் ஹபீபுல்லா வெகுநேரம் யோசித்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், ஒண்ணும் இல்ல சார்" என்றான்.

"நல்லா யோசிங்கப்பா. இதை நிரப்பலைன்னா என்னை ராணிப்பேட்டைக்கு அனுப்பிடுவாங்க."

மூவரும் தரையைப் பார்த்தார்கள். அழகிரி கெஞ்சி அவர்கள் பார்த்ததே இல்லை.

செவ்வாய் காலை இளவரசன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். முசிறியில் மாமனார் படுத்த படுக்கையாம். அழகிரிக்குத் தன் வீட்டு நினைவு வந்தது. ஆனால் பரிவு காட்டிப் பழக்கமில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே பரிவு லீவுதான்.

"கிளம்பு. இந்த வாரம் பூரா வராத."

"அதெல்லாம் வேணாம் சார். சும்மா உங்க காதுல போட்டு வைக்கலாம்னுதான்."

"மனசுல போட்டு அடக்காத. போ."

ஒரு மணி நேரத்தில் அற்புதசாமி வந்தான். தொட்டியத்தில் அண்ணனின் வாழைத்தோப்பு காற்றில் சாய்ந்துவிட்டதாம். போகமாட்டேன் என்று அடம்பிடித்தவனை கேட் வரை கொண்டுபோய் விட்டார். ஹபீபுல்லா, தங்கையின் நிக்காஹ் நின்றுபோனதைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுடைய டிபன் பாக்ஸை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

கட்டங்கள் நிரம்பின, பட்டறை காலியானது. வியாழக்கிழமை அனுப்ப வேண்டிய சரக்கு அப்படியே கிடந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன் கைவிட்ட கிரைண்டிங் மெஷினை அழகிரி தானே தூக்கினார். இடுப்பு விட்டுப்போனது. சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மனிதவளப் பிரிவிலிருந்து சித்ராதேவி வந்தார். படிவத்தைப் படித்தார். பிறகு ஆளில்லாத பட்டறையைப் பார்த்தார்.

"சரக்கு என்ன ஆச்சு சார்?"

"மூணு பேருக்கும் வீட்ல கஷ்டம் மேடம். எனக்கு வேற வழி தெரியல."

இத்தனை வருஷம் இவர்களைப் போய்த் திட்டினோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. சித்ராதேவி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

எதிர் டீக்கடையிலிருந்து டீ கொண்டுவந்த ஆனந்தவள்ளி, கிளாஸை நீட்டியபடி மெல்லச் சொன்னாள்:

"அந்த மூணு பேரையும் உள்ள கூப்பிடுங்க சார். நாலு நாளா எங்க கடையிலதான் உக்காந்திருக்காங்க. உங்களுக்கு மாற்றல் வரக்கூடாதுன்னு, இல்லாத கஷ்டத்தை ஆளுக்கு ஒண்ணா யோசிச்சு வந்து சொன்னாங்க."