பொன்மேட்டில் பிறக்க இடமில்லை

பொன்மேடு என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் வீரகண்ட மகாராஜா. அவரையும் சேர்த்து ஆண்டது ஒரு பழைய வீட்டுக் கணினி. அவர் இளவரசராக இருந்தபோது விளையாடுவதற்காக வாங்கியது, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்தால்தான் வேலை செய்யும். விளையாட்டு அலுத்ததும் அதில் நாட்டை ஏற்றிவைத்தார்கள். குடிகள், வயல்கள், கிணறுகள், ஆடுமாடுகள் எல்லாம் உள்ளே போயின. அந்தப் பொறியில் இருப்பதே இருப்பது, பொறியில் இல்லாதது இல்லவே இல்லை என்று சட்டமும் வந்தது.

வாத்து மேய்க்கும் பூரணி தன் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த சமயத்தில்தான் பொறியின் நினைவகம் நிரம்பியது. புதிதாக ஒன்றை ஏற்றினால் பழையது ஒன்று உதிர்ந்தது. ஓர் ஊரின் கிணறு அப்படி உதிர்ந்துபோக, இல்லாத கிணற்றில் தண்ணீர் இறைத்த குற்றத்துக்காக ஊர்க்காரர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

புதுப் பொறி வாங்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. அது மன்னர் கைபட்ட பொறி. நினைவகத்தில் பாதியை மன்னரின் பட்டங்களே அடைத்துக்கொண்டிருந்ததையும் யாரும் சொல்லவில்லை. நினைவுத்துறை அமைச்சர் நுண்மதியார் ஆழ்ந்து யோசித்து, குடிகளின் பெயர் மூன்றெழுத்தைத் தாண்டக் கூடாது என்று ஆணை போட்டார். பூரணி தப்பித்தாள். அவள் கணவன் மாசிலாமணி, மாசிலா ஆனான். பக்கத்து வீட்டு அண்ணன் தங்கையான கோவிந்தனும் கோவிந்தம்மாளும் ஒரே ஆளாகிவிட, இருவருக்கும் சேர்த்து ஒரு பங்கு அரிசி வந்தது.

அதுவும் போதவில்லை. யாராவது இறந்து இடம் காலியாகும்வரை நாட்டில் யாரும் பிறக்கக் கூடாது என்று அடுத்த ஆணை வந்தபோது பூரணிக்கு வயிறு நன்றாகவே தெரிய ஆரம்பித்திருந்தது. பொறியில் ஏறாத பிள்ளைக்குப் பால் பங்கு கிடையாது, வைத்தியமும் கிடையாது. அவள் வாத்துகளை ஓட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்தபடி, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டே போனாள்.

அமைச்சரும் சும்மா இருக்கவில்லை. பொறியின் எல்லையையே தாண்டிவிடுவது என்று தீர்மானித்து, அதன் முதுகில் கூடுதலாக ஒரு நினைவுப்பெட்டியைச் செருகி விழா எடுத்தார். தெற்குச் சீமை ஜனங்கள் எல்லாரும், பிறந்த ஊர் அங்கே என்பதால் மாசிலாவும், அந்தப் பெட்டிக்குள் போனார்கள். ஆனால் பழைய பொறிக்கு எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பார்க்கும் திராணி இல்லை. தன் நினைவைப் பார்த்தால் பெட்டி தெரியாது. பெட்டியைப் பார்த்தால் தன் நினைவு தெரியாது. ஆகவே காலையில் வடக்கு இருந்தது, மாலையில் தெற்கு இருந்தது. மன்னர் மட்டும் இரண்டிலும் இருந்தார். காலையில் பூரணிக்குக் கணவன் இல்லை, மாலையில் மாசிலாவுக்கு மனைவி இல்லை. அந்த வருஷத் தேர்தலில் ஓட்டுகளைக் காலையில் எண்ணினார்கள். தெற்கத்தியார் மன்னருக்கு எதிராகப் போட்ட ஓட்டுகள் அந்த நேரத்தில் இல்லாததால், மன்னர் எதிர்ப்பே இல்லாமல் வென்றார்.

செருகிய பெட்டி சரியாகப் பொருந்தாமல் ஆடியது. யாராவது அழுத்தி நடந்தாலே திரை நடுங்கியது. எனவே அழுத்தி நடப்பதும், மேளம் கொட்டுவதும், கத்துவதும், தும்முவதும் ராஜதுரோகம் ஆயின. தலைநகரத்தில் ஜனங்கள் காலில் பஞ்சைக் கட்டிக்கொண்டு நடமாடினார்கள்.

மாதம் நிறைந்தும் இடம் கிடைக்காமல், ஒரு காலை வேளையில் பூரணி அரண்மனைக்கே போய்விட்டாள். கூட வந்த மாசிலா காலையில் இல்லாதவன் என்பதால் அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பொறி இருந்த மண்டபத்தில் மன்னர் அரியணையில் கண்ணயர்ந்திருந்தார். பூரணி அமைச்சரைக் கும்பிட்டாள்.

“ஐயா, இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குங்க. ஒரே ஒரு எடம் குடுத்தீங்கன்னா போதும்.”

“அம்மணி, பிறப்பது தனிப்பட்ட ஆசை, நினைவகம் தேசத்தின் சொத்து,” என்றார் நுண்மதியார். “தேசத்துக்காக அந்தக் குழந்தை ஒரு பருவம் பொறுக்கக் கூடாதா?”

“நான் சொல்லிக் கேக்குற நெலமையில அது இல்லைங்க.”

சொல்லி வாய் மூடுவதற்குள் இடுப்பு வலி எடுத்துவிட்டது. கத்தினால் துரோகம் என்பதால் பூரணி முந்தானையைக் கடித்துக்கொண்டாள். பொறியில் தட்டச்சு செய்யும் வேதா எழுந்து ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். பெண் குழந்தை பிறந்தது. சட்டம் எதுவும் தெரியாத அது மண்டபம் அதிர வீறிட்டது. அதன் வாயைப் பொத்துவதற்காக நுண்மதியார் தம் பருத்த உடம்போடு பாய்ந்து ஓடினார். தரை குலுங்கியது. பெட்டி கழன்று விழுந்தது. திரை ஒருமுறை வெளுத்து, பிறகு இருண்டு, ஓரத்தில் சிறிய கட்டம் ஒன்று மட்டும் கண்சிமிட்டிக்கொண்டு நின்றது.

பொறியின் சொந்த நினைவும் சேர்ந்து அழிந்துபோயிருந்தது. நாடு இல்லை. மன்னரும் இல்லை. அரியணையில் கண் விழித்தவர் யார் என்று காவலர்களுக்குத் தெரியவில்லை. சட்டப்படி தாங்களும் இல்லை என்பதால் அவர்கள் எதுவும் செய்யாமல் நின்றார்கள்.

பூரணிதான் முதலில் பேசினாள். “இப்பதான் எடம் கெடக்குதே. எம் புள்ளைய ஏத்துங்க. பேரு கயல்.”

வேதா கையைத் துடைத்துக்கொண்டு போய் அடித்தாள். இருண்ட திரையின் உச்சியில் கயல் என்ற பெயர் தன்னந்தனியாக ஏறியது. பொறியின் முதல் வரி மன்னருக்கு உரியது என்பது சட்டம். நுண்மதியார் திரையைப் பார்த்தார், வீரகண்டரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு குழந்தையின் முன் மண்டியிட்டு, மகாராணி கயல் வாழ்க என்றார். வீரகண்டர் தாம் இருப்பதற்கு மனுப் போட வாசலுக்குப் போய், வரிசையில் மாசிலாவுக்குப் பின்னால் நின்றார்.

பூரணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இனி கிணறுகள் திரும்பிவிடும், மாசிலா பகல் முழுக்க இருப்பான் என்று சுவரில் சாய்ந்தபடி நினைத்துக்கொண்டாள். அதற்குள் அமைச்சர் குழந்தையைப் பட்டுத் துணியில் சுற்றி உப்பரிகைக்குக் கொண்டுபோய்விட்டார். கீழே ஜனத்திரள். கயல் மறுபடி அழ, மகாராணி என்ன சொல்கிறார் என்று கூட்டம் கேட்டது. நுண்மதியார் தம் காதைக் குழந்தையின் வாயருகே வைத்து வெகுநேரம் பணிவோடு கேட்டார்.

“பெட்டியை மறுபடியும் செருகச் சொல்கிறார்கள்,” என்று அறிவித்தார். “இன்னும் பெரிய பெட்டியாக.”

கூட்டம் பெட்டிக்கு வலிக்காதபடி மெல்லக் கைதட்டியது. பூரணி சுவரைப் பிடித்துக்கொண்டே உப்பரிகை வாசல்வரை நடந்து வந்து கைகளை நீட்டினாள்.

“அது பசிக்கு அழுவுதுங்க. இப்படிக் குடுங்க.”

அதற்குள் பொறியில் ஏறிவிட்ட காவலர்கள் ஈட்டிகளைக் குறுக்கே வைத்தார்கள். அவள் பெயர் இன்னும் பொறியில் ஏறியிருக்கவில்லை.