இருபது முகம் வேண்டும்

மொழி சுத்தமாகத் தெரியாதவர்களை ஊர் எப்படியும் காப்பாற்றிவிடும். கைஜாடையைப் பார்த்தே கடைக்காரர் பொருளை எடுத்து நீட்டிவிடுவார். அரைகுறையாகத் தெரிந்தவர்களைத்தான் யாராலும் காப்பாற்ற முடியாது. நான் கோவையில் ஹிந்தி டியூஷன் போய் பிராத்மிக் பாஸ் செய்தவள் (இரண்டாவது தடவையில்). அந்தத் தைரியத்தில், இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சாஃப்ட்வேர் அலையில் புனேவுக்கு வந்து இறங்கினேன்.

சாங்வியில் பேயிங் கெஸ்டாகத் தங்கியிருந்தேன். அறைத்தோழிக்கு நைட் ஷிப்ட், பகலெல்லாம் தூங்குவாள். வேலை நாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாய் திறந்து பேசியது குளியலறை கீஸரிடம் மட்டும்தான்.

என் டீமில் மந்தார் என்று ஒருவன். கசார்வாடியில் அவன் வீட்டில் ஞாயிறு தோறும் நான்கு பேர் கூடி ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஆளுக்கொரு வேஷம்: வீரன், திருடன், மந்திரவாதி. கதையைப் பேசிப் பேசியே நடத்த வேண்டும். ராட்சசன் மேல் வாளை வீசினால் அது படுமா படாதா என்பதைப் பகடை சொல்லும். லூடோ பகடை அதற்குப் போதாதாம்; இருபது முகமுள்ள பகடை வேண்டுமாம். நானும் வரட்டுமா என்று கேட்டபோதெல்லாம் மேஜையில் இடமில்லை என்று சிரித்தே மழுப்பினான்.

ஒரு நாள் அந்த ஒற்றைப் பகடை அவன் வீட்டு பால்கனியிலிருந்து உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டது. அமெரிக்காவிலிருந்து அவன் அத்தை மகன் கொண்டுவந்தது. புனேவில் அப்போது அப்படி ஒன்றை யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இன்னொன்று கொண்டு வருபவருக்கு மேஜையில் இடம் நிச்சயம் என்று மந்தார் அழாத குறையாக அறிவித்தான். நான் உடனே கை தூக்கினேன். கேம்ப் கடைவீதியில் கிடைக்காத பொருளும் உண்டா? (அதுவரை நான் கேம்ப்புக்குப் போனது ஒரே ஒரு முறை, செருப்பு வாங்க.)

சனிக்கிழமை கேம்ப்பில் ஒரு பொம்மைக் கடைக்குள் நுழைந்தேன். பகடைக்கு ஹிந்தியில் என்ன சொல்வார்கள் என்பது தொண்டை வரை வந்து நின்றுகொண்டது. கவலைப்படவில்லை. ஹிந்தி வராத இடத்தில் தமிழில் புழங்கும் வடமொழிச் சொல்லைப் பிடித்து அதன் வாலை நறுக்கிவிடுவது என் வழக்கம். முகம் என்பதன் வாலை நறுக்கி, அழகுக்கு ஒரு ‘ஈ’யையும் ஒட்டி, "பீஸ் முகி சாஹியே" என்றேன். இருபது முகம் வேண்டும்.

கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். இங்கே கிடைக்காது என்று பணிவாகச் சொல்லி, அடுத்த சந்துப் பக்கம் கைகாட்டினார். போய்ப் பார்த்தால் பூஜைச் சாமான் கடை. எனக்குச் சந்தேகமே வரவில்லை. சோழி உருட்டிப் பலன் சொல்லும் நாட்டில் பகடை பூஜைக் கடையில் இருப்பது நியாயம்தானே என்று சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன்.

அங்கிருந்த பெரியவர் ஸ்டூல் போட்டு டீ வரவழைத்தார். எதற்காக வேண்டும் என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன்: நாளைக்கு ஒரு ராட்சசனைக் கொல்ல வேண்டும். அவர் ரேடியோவை அணைத்தார். என் பக்கம் குனிந்து, "புருஷனா, மாமியாரா?" என்று ஹிந்தியில் கேட்டார். இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்றதும், அதற்குள்ளேயே இப்படியா என்பது போல் என்னைப் பார்த்தார்.

உள்ளே போய் சிவப்புத் துணியில் முடிந்த சின்ன டப்பாவுடன் வந்தார். இப்போதே பிரித்தால் சக்தி போய்விடும் என்றார். பிரித்தால் கேரண்டி கிடையாது என்கிறார், எல்லாக் கடையிலும் சொல்வதுதான் என்று புரிந்துகொண்டேன். பேரம்கூடப் பேசாமல் வாங்கி வந்தேன்.

மறுநாள் கசார்வாடியில் நான்கு தலைகள் சுற்றி நிற்க, மந்தார் முடிச்சை அவிழ்த்தான். உள்ளே ஒரு ருத்ராட்சம். கடைகளில் ‘முகி’ என்று கேட்டாலே ருத்ராட்சம்தானாம். ஒருவன் அதைக் கையில் எடுத்து, கோடுகளை எண்ணி, இதற்கு முகமே ஐந்துதான் என்றான். ஒருத்தன் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தான். மந்தாரின் அம்மா வந்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சிவ்டா மிக்சர் சிந்திய மேஜையிலா இதை வைப்பீர்கள் என்று அவர்களைத் திட்டிவிட்டு பூஜை அலமாரிக்குக் கொண்டுபோனார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு இடத்துக்காக இவ்வளவு அலைந்து, கடைசியில் இவர்கள் சிரிப்புக்கு ஆளாகிவிட்டோமே என்றிருந்தது. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

"கடைக்காரர்கிட்ட அப்படி என்னதான் சொன்னே?" என்றான் மந்தார்.

சொன்னால் புரியாது என்று நடித்தே காட்டினேன். ரேடியோவை அணைத்தேன், குனிந்தேன், பெரியவரின் குரலிலேயே புருஷனா மாமியாரா என்று கேட்டேன். என் திருட்டு முழியையும் நானே முழித்தேன். முடித்தபோது மந்தார் சிரிக்கவில்லை.

"வேஷத்துக்கு ஏத்த மாதிரி குரல மாத்திப் பேசுங்கடான்னு இவங்ககிட்ட எத்தனை நாளா கெஞ்சறேன் தெரியுமா? நீ நேத்தே கடையில ஆடிட்டு வந்திருக்கே. உட்காரு."

அவன் அம்மா சமையலறை ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். பகடைக்குப் பதில் தம்போலா ஆட்டத்தின் எண் காய்களில் ஒன்றிலிருந்து இருபது வரை பொறுக்கி ஒரு பைக்குள் போட்டுக் குலுக்கி எடுத்தோம். என் முதல் வாள்வீச்சு எங்கள் மந்திரவாதியின் காலிலேயே பட்டது. அதற்கும் யாரும் என்னை எழுந்து போகச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் சந்தோஷம் தாங்காமல் கோவைக்கு போன் செய்தேன். "அம்மா, ருத்ராட்சம் ஒண்ணு வாங்கிட்டுப் போனேன். என்னையும் சேத்துக்கிட்டாங்கம்மா. இனி ஞாயித்துக்கெழமைன்னா அங்கதான்."

அத்தோடு பேலன்ஸ் தீர்ந்துவிட்டது.

மறுநாள் நான் ரீசார்ஜ் செய்வதற்குள் பெரியம்மா செய்தியை ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார். கல்யாணத் தரகர் என் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "ஏங் கண்ணு, உனக்கு நாங்க என்ன கொறை வெச்சோம்?" என்று அம்மா அழுதார். விளக்கிச் சொன்னேன். அம்மாவுக்குப் பாதி புரிந்தது. பெரியம்மாவுக்குப் புரியவே இல்லை.

இப்போது எந்த நிறத்தில், எத்தனை முகத்தில் பகடை கேட்டாலும் வீட்டுக்கே வந்துவிடுகிறது. எங்கள் ஞாயிற்றுக்கிழமை மேஜையும் இன்னும் இருக்கிறது. என் கணவரையும் அங்கேதான் பிடித்தேன். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். ஆனாலும் கோவையில் எந்தக் கல்யாணப் பந்தியில் நான் உட்கார்ந்தாலும், பெரியம்மா எங்கிருந்தோ ஓடிவந்து பரிமாறுகிறவரின் கையைப் பிடித்து நிறுத்துகிறார்.

"அந்தப் புள்ளைக்கு வெங்காயம் போட்டத வெச்சுப்போடாதீங்க. சாமியாரா இருந்து வந்த புள்ளைங்க அது."