யாருங்க மேடமும் செயப்பாட்டுவினையும்

ஐதராபாத்தில் மேலதிகாரிக்குப் பயந்தவர்கள் உண்டு. மாமியாருக்குப் பயந்தவர்கள் உண்டு. மாதாப்பூர் சாலையில் தேங்கும் மழைத் தண்ணீருக்குப் பயந்தவர்கள் உண்டு. ஆனால் ஓர் இலக்கண விதிக்குப் பயந்து நடுங்கியவர்கள் உலகத்திலேயே எங்கள் அலுவலகத்தில்தான் இருந்தோம். காரணம், யாருங்க மேடம்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் கையேடுகளைத் திருத்தும் பிரிவுக்குத் தலைவி. எனக்குப் பக்கத்து நாற்காலி. நாங்கள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்போம். அவர் அதைச் சிவப்பாக்கித் திருப்பித் தருவார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு பகை. பாஸிவ் வாய்ஸ் என்கிற செயப்பாட்டுவினை.

‘பூனை பாலைக் குடித்தது’ என்றால் செய்வினை. ‘பால் குடிக்கப்பட்டது’ என்றால் செயப்பாட்டுவினை. இரண்டாவதில் பூனையைப் பற்றி மூச்சே விடாமல் வாக்கியம் இலக்கண சுத்தமாக முடிந்துவிடும். பூனைகளுக்கு இது ரொம்ப வசதி. எங்கள் அலுவலகத்தில் பூனைகள் அதிகம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘கடவுச்சொல் மாற்றப்பட்டது’ என்று நான் ஆங்கிலத்தில் எழுதி நீட்டினேன்.

“செரிங்க தம்பி. யாருங்க மாத்துனது?”

“அது... சிஸ்டம் மேடம்.”

“அப்பச் சிஸ்டம் மாத்துச்சுன்னே எழுதுங்க. அதுக்கென்ன, வெக்கமுங்களா?”

ஒருநாள் துணிந்து கேட்டேன். “பாஸிவ் வாய்ஸே தப்பா மேடம்? கிராமர் புக்ல இருக்கே?”

“தப்பில்லீங்க. உங்க வண்டி காணாமப் போயி, எடுத்தவன் யாருன்னே தெரியலீன்னா, திருடப்பட்டதுன்னு தாராளமா எழுதுங்க. ஆளு தெரிஞ்சும் எழுதாம உட்டீங்கன்னா அது இலக்கணமில்லீங்க. ஒளிச்சு வெக்கறது.”

ஆங்கிலத்தோடு நின்றிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். “கிளாஸ் டூட் கயா மேடம்” என்பார் கேன்டீன் பாய். கண்ணாடி டம்ளர் தானே மனம் வெறுத்து உடைந்துவிட்டதாம். “கிஸ்னே தோடா பாய்?” என்பார் மேடம். உடைத்தது யார்? “நக்கோ மேடம், வேண்டாம், காலையிலேயே ஆரம்பிக்காதீங்க” என்று உருதுவும் தமிழுமாகக் கும்பிடுவார் அவர். எங்களோடு வேலை பார்த்த சுவாதி, “ஃபைல் போயிந்தி மேடம்” என்று தெலுங்கில் கண்ணைக் கசக்கினால், “எவரு போகொட்டாரம்மா?” என்று கேட்பார். தொலைத்தது யாரம்மா? தப்பித்துக்கொள்ள எல்லா மொழியிலும் ஒரு வினைச்சொல் இருக்கிறது. துரதிர்ஷ்டவசமாக, ‘யார்’ என்ற சொல்லும் எல்லா மொழியிலும் இருக்கிறது.

குகட்பள்ளியில் அவர் வீட்டுக்கு ஒருமுறை சாப்பிடப் போனேன். அடுக்களையிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. மேடம் தலையைத் திருப்புவதற்குள் அவர் கணவர் எழுந்து நின்று, “நாந்தானுங்க பாலைப் பொங்க உட்டேன்” என்று வாக்குமூலம் கொடுத்தார். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கணக்கில் மார்க் குறைந்துவிட்டதாக முனகினாள்.

“யாரு கண்ணு கொறச்சது?”

“மேத்ஸ் டீச்சர்.”

செய்வினையில் அமைந்த அந்தப் பதிலில் பிழை சொல்ல மேடத்தால் முடியவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் நிர்வாகம் அந்த மின்னஞ்சலைத் திருத்துவதற்கு அனுப்பியது. அனுப்பாமல் இருக்கவும் வழியில்லை. மேடம் ஒப்புதல் பொத்தானை அழுத்தாமல் ஒரு வரிகூட வெளியே போகாது என்று வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் பெருமையடித்து, கணினியையும் அப்படியே பூட்டி வைத்திருந்தார்கள். ‘ஆட்குறைப்பு செய்வதென முடிவெடுக்கப்பட்டுள்ளது. பின்வருவோர் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள்.’ அதன் கீழே பெயர்கள். பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் படித்தேன். சுவாதி பெயர் இருந்தது. என் பெயர் இருந்தது. நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மேடம் நிதானமாக முதல் வாக்கியத்தின் கீழ் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார்.

மனிதவளத் துறைத் தலைவர் ஓடிவந்தார். சென்னைக்காரர். கோபத்திலும் இஸ்திரி கலையாதவர்.

“மேடம், இது ஸ்டாண்டர்ட் ஃபார்மட். எல்லா கம்பெனிலயும் இப்படித்தான் அனுப்புறாங்க.”

“செரிங்க சார். யாருங்க முடிவெடுத்தது?”

“மேனேஜ்மென்ட்.”

“மேனேஜ்மென்ட்டுன்னா யாருங்க? நீங்களுங்களா?”

“சேச்சே, நான் இல்ல. மார்க்கெட் கண்டிஷன் அப்படி மேடம்.”

“அப்ப மார்க்கெட்டக் கூப்பிடுங்க சார், கையெழுத்துப் போடட்டும்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “லிஸ்ட்ல உங்க பேரும் இருக்கு, பாத்தீங்கல்ல?”

“பாத்தனுங்க. ஸ்பெல்லிங் செரியா இருக்குதுங்க.”

ஒரு வாரம் அந்த மின்னஞ்சல் மாடிக்கும் கீழுக்கும் அலைந்தது. எழுவாயாக இருக்க ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் முதலாளியே கீழே வந்தார். தெலுங்குக்காரர், ஒரு காலத்தில் தானே நிரல் எழுதியவர். “சரே மேடம், நேனே ராஸ்தானு” என்று, தானே எழுதுவதாகச் சொல்லி மேடத்தின் நாற்காலியில் உட்கார்ந்தார். ‘நான் உங்களை நீக்குகிறேன்’ என்று தட்டினார். அங்கேயே நின்றுவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், ‘முடிவெடுக்கப்பட்டுள்ளது’ என்பது தானாக முடிந்துவிடும். ‘நான்’ என்று ஆரம்பித்தால் ‘ஏனென்றால்’ என்று ஒன்று வந்து வாசலில் நிற்கும். முதலாளி ஒவ்வொரு பெயராக மனிதவளத் தலைவரைக் கேட்டார். “இவரை நான் ஏன் நீக்கறேன்?”

“ஐடென்டிஃபை செய்யப்பட்டிருக்கார் சார்.”

சாயங்காலத்துக்குள் பாதிப் பெயர்களுக்கு மேல் உதிர்ந்துவிட்டன. சுவாதி தப்பினாள். என்னை நீக்கவும் காரணம் கிடைக்கவில்லை. வைத்துக்கொள்ளக் காரணம் கிடைத்ததாகவும் தெரியவில்லை.

மேடத்துக்கு மட்டும் முதலாளி யோசிக்கவே இல்லை. ‘நீங்கள் எல்லா வேலையையும் தாமதப்படுத்துகிறீர்கள். அதனால் நான் உங்களை நீக்குகிறேன்’ என்று ஒரே மூச்சில் அடித்து, கீழே தன் பெயரையும் போட்டார். மேடம் குனிந்து படித்தார்.

“நல்லா இருக்குதுங்க சார். திருத்தறதுக்கு ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினார்.

கடைசி நாளில் கேக் வெட்டினோம். சுவாதி அமீர்பேட்டையில் ஒரு வாழ்த்து அட்டை வாங்கி வந்திருந்தாள். பொன் எழுத்தில் ‘யூ வில் பி மிஸ்டு’ என்று, அதாவது உங்கள் பிரிவு உணரப்படும் என்று, அச்சடித்திருந்தது. மேடத்தின் கையில் கொடுக்கப்போன நொடியில்தான் அவளுக்கு உறைத்தது. “அய்யய்யோ, பாஸிவ்!” என்று அட்டையைப் பிடுங்கி, அந்த வாக்கியத்தின் பின்னால் ‘பை சுவாதி’, அதாவது சுவாதியால், என்று எழுதினாள். பேனாவை நான் வாங்கினேன். என்னிடமிருந்து இன்னொருவர். பட்டியலில் இருந்தவர்கள், இல்லாதவர்கள், மேடத்திடம் தினமும் திட்டு வாங்கியவர்கள் எல்லோரும் எழுதினோம். இடம் போதாமல் ஓரங்களில் சுற்றிச் சுற்றி எழுதினோம்.

மேடம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார். அட்டையைத் திருப்பித் திருப்பி வெகுநேரம் படித்தார்.

“மேடம், கண்ணு கலங்கிருச்சு உங்களுக்கு” என்றேன்.

“அதுவாக் கலங்குலீங்க தம்பி” என்றார். “நாந்தான் அழுகறனுங்க.”