ஃபெரிட்டின் சார்

ஆஸ்பத்திரி வராந்தாக்களில் ஓர் இனம் உலாவுவதைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் தொங்கும் அட்டை ‘நோயாளியுடன் இருப்பவர்’ என்று சொல்லும். நடையோ துறைத் தலைவர் என்று சொல்லும்.

நம்மவர் அந்த இனம். தொழில், கட்டட வரைபடம் போடுவது. மனைவிக்கு நிணநீர்ப் புற்றுநோய். கீமோ பலன் தராமல் போகவே, அவளுடைய நோயெதிர்ப்புச் செல்களையே பிரித்தெடுத்து, புற்றுநோயை அடையாளம் கண்டு தாக்கும்படி மாற்றி, மறுபடி உடம்பில் ஏற்றியிருந்தார்கள். அந்தச் செல்கள் உக்கிரம் கொண்டால் உடம்பு தாங்காது, ரத்தத்தில் ஃபெரிட்டின், சிஆர்பி என்ற இரண்டு அளவுகள் ஏறுவதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம் என்று டாக்டர் ஒருநாள் விளக்கினார். விளக்கியிருக்கக் கூடாது.

அன்றிலிருந்து மனிதர் அந்த எண்களைப் போனிலேயே வரைபடமாகப் போட்டு, மைத்துனருக்கு அனுப்பி, மாமியாருக்கு அனுப்பி, லிஃப்டில் வந்த அந்நியருக்கும் காட்டி விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். நர்ஸுகள் ‘ஃபெரிட்டின் சார்’ என்று பெயர் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

“சாப்பிட்டாளா மாப்பிள?” என்பார் மாமியார் போனில்.

“சிஆர்பி இறங்கிடுச்சு அத்தை.”

“அது சரி. சாப்பிட்டாளா?”

சாப்பாடு வரைபடத்தில் எந்தக் கட்டத்தில் வருகிறது?

ஒருநாள் காலை எண்கள் சரசரவென்று இறங்கியிருந்தன. வெற்றிச் செய்தியோடு அறைக்குள் நுழைந்தார்.

“பாத்தியா, நேத்துல பாதி கூட இல்ல.”

“ஜன்னல மூடுங்க. மழை உள்ள வருது,” என்றாள் மனைவி.

“மூடிடறேன், மூடிடறேன்.” கண் போனை விட்டு வரவில்லை. அடுத்த கோட்டைப் போடும்போதுதான் உறைத்தது: அந்த அறையில் திறக்கிற ஜன்னலே கிடையாது. வெளியே சுள்ளென்று வெயில்.

கையிலிருந்த போனையே நீட்டினார். “இது என்னம்மா?”

அவள் பார்த்தாள். வாய் திறந்தது. சொல் வரவில்லை.

செருப்பை விட்டுவிட்டு ஓடினார். வந்த டாக்டர், “எப்பலேர்ந்து இப்படிப் பேசறாங்க? நேத்து தெளிவா இருந்தாங்களா?” என்று கேட்டார்.

நேற்றைய சிஆர்பி நுனிநாக்கில் இருந்தது. நேற்று அவள் என்ன பேசினாள்?

“தெரியல டாக்டர். ரிப்போர்ட் நல்லா இருந்துச்சு.”

“ரிப்போர்ட் நல்லா இருக்கும்போதும் இந்தச் செல்களோட உக்கிரம் மூளையைத் தாக்கலாம். அதுக்குத்தான் கூட ஒருத்தர் இருங்கன்னு சொல்றோம்.”

உக்கிரத்தை அடக்க ஸ்டீராய்டு ஏற்றினார்கள். அவர் போனைப் பையில் போட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வேலை தெரியவில்லை. சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டிகள் இல்லை.

இப்போது பார்க்க வருகிறவர்கள் ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்டால், “இல்லாத ஜன்னல மூடப் போனவன்கிட்டயா கேக்கறீங்க? அவகிட்ட கேளுங்க,” என்கிறார்.

“நல்லாத்தான் இருக்கேன்,” என்கிறாள் அவள். “அசந்து தூங்கறப்ப தட்டி எழுப்பி, நல்லாத் தூங்கறியான்னு கேக்கறாரு. அது ஒண்ணுதான் தொல்லை.”

சிரிக்கிறீர்கள். இன்று காலை எழுந்ததும், நன்றாகத் தூங்கினோமா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டது யார்? நான் கேட்கவில்லை, என் கடிகாரம் கேட்கச் சொல்கிறது. எனக்கு நேற்றுத் தூக்கம் போதவில்லையாம்.