ஆளில்லாத கேட்டும் பாலிசி மாமாவும்

எமனையே உட்கார வைத்து ஒரு பாலிசி எழுதி வாங்கிவிடக் கூடியவர் எங்கள் வலியசாலையில் பாலிசி மாமா ஒருவர்தான். ஓய்வு பெற்ற இன்சூரன்ஸ் ஏஜென்ட். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பிடித்து, "நன்னா இருங்கோ. இல்லேன்னா அவளுக்கு என்ன ஏற்பாடு?" என்பார்.

மாமி போன பிறகு அவருக்கு மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும். கோயிலில் உச்சிபூஜை தொழுதுவிட்டு, நானும் அவரும் அவருடைய முட்டுவலிக்கு ஏற்ப மெதுவாக நடந்து, மலையாளி பைஜுவின் கம்ப்யூட்டர் கடைக்குப் போவோம். மூவருக்கும் ஆளுக்கொரு திரை. ரயில் ஓட்டும் விளையாட்டு. கம்பெனி ஒன்று, பணப்பையும் ஒன்று. யார் கவிழ்த்தாலும் பழுதுச் செலவு எல்லோர் தலையிலும் விழும். ஒரு வரம்பு வரை எங்கள் பணம். அதற்கு மேலே போனால் விளையாட்டிலுள்ள இன்சூரன்ஸ் கட்டும்.

"இடிக்கறதானா பெரிசா இடிக்கணுமாக்கும். சின்ன இடி நம்ம கைக்காசு!" என்பார் மாமா.

அந்த விளையாட்டு ஊரில் மனிதர்களே கிடையாது. வீடுகளில் விளக்கு எரியும், ஸ்டேஷனில் கடிகாரம் ஓடும். ஈ, காக்கை இருக்காது. ஆனால் பாலத்துக்கு முந்தின, ஆட்கள் தண்டவாளத்தைக் கடக்கும் கேட்டில் மாமா வாராவாரம் ஹார்ன் அடித்து, சடக்கென்று பிரேக் போடுவார். பெட்டிகள் சரியும்.

"யாரோ நிக்கறாடா."

"சாமி, அவிடெ ஆருமில்லா!" என்று பைஜு தலையில் அடித்துக்கொள்வான்.

விளையாட்டில் மலைப்பாதைக்கு லைசென்ஸ் வாங்கச் சேர்த்த பணமெல்லாம் பழுதுச் செலவில் கரைந்தது. ஒருநாள் பைஜு என்னிடம், "இனி சாமி வேண்டா. சேட்டன் தன்னே பறயணும்" என்றான். அண்ணனாகிய நானே அதை மாமாவிடம் சொல்ல வேண்டுமாம். மாமா வாசலில் நின்று கேட்டுவிட்டார்.

"நீயே ஒரு தரம் ஓட்டிப் பாருடா. யாரும் இல்லேன்னா நான் இனிமே வரலை." என்றார் என்னிடம்.

சிவசிவ என்று ஓட்டினேன். கேட் தெரிந்தது. சத்தியமாக அங்கே யாரும் இல்லை. ஆனால் என் பிடரியில் யாரோ மூச்சு விட்டதுபோல் சில்லிட்டது. மாமாவோ வாசலை விட்டு அசையவில்லை. என் கை தானாகப் பிரேக்கை இழுத்தது. எட்டுப் பெட்டியும் கவிழ்ந்தன.

"ஆரா நின்னது, சேட்டா?" பைஜுவின் முகம் வெளுத்திருந்தது.

"தெரியலை."

மாமா மட்டும் திரையருகே வந்து, முட்டுவலியையும் மறந்து குதித்தார். "பலே! வரம்பு தாண்டியாச்சு. மீதி இன்சூரன்ஸ் தரும்!"

அதற்குப் பிறகு அவர் வேண்டாம் என்ற பேச்சைப் பைஜு எடுக்கவே இல்லை.

மாமா போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. இப்போதும் அந்தக் கேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வண்டியை நிறுத்துகிறோம். பைஜு ஹார்ன் அடிப்பான். முட்டுவலிக்காரர் மெதுவாகத்தானே கடப்பார் என்று, நான் இருபது எண்ணிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.