பூச்சி இல்லைங்க, பூச்சு

கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் தப்பாகச் சொன்னாலும் தலையாட்டிவிடுவோம். திருத்த வேண்டுமென்றால் பேச வேண்டுமே.

நான் பத்தாவது வரை படித்தவள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் ஆழ்வார்பேட்டையில் பாய் ஒருவரின் கடையில் முதல் வேலை கிடைத்தது. அச்சகங்களுக்கு அலுமினியத் தகடு விற்கிற கடை. தகட்டின் மேல் ஒரு மருந்துப் பூச்சு இருக்கும். வெயில் பட்டால் போச்சு, தகடு குப்பைக்குத்தான். அதனால் கறுப்புத் தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, இறுக்கிக் கட்ட வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. (பெட்டியோடு பேச வேண்டியதில்லை, பாருங்கள்.)

ஒருநாள் பார்சல் போடுகிறவர் வரவில்லை.

"நீயே மந்தைவெளி போய் புக் பண்ணிட்டு வந்துடும்மா. இன்னிக்கு வண்டியில திருநெல்வேலிக்குப் போயே ஆகணும். இல்லேன்னா அந்தப் பிரஸ்காரர் வேற கடைக்குப் போயிடுவார்" என்றார் பாய்.

சரக்கு போகாவிட்டால் என் வேலையும் போய்விடும். பேச்சைக் குறைக்கலாம் என்று பெட்டி மேல் பெரிதாக 'பூச்சு தகடு' என்று எழுதிக்கொண்டு போனேன்.

பார்சல் ஆபீஸ் குமாஸ்தா கண்ணைச் சுருக்கிப் படித்தார். "இன்னாக்கா இது, பூச்சியா?"

தலையாட்டினேன்.

"உசுரோட கீதா, செத்து கீதா?"

"தெரியலைங்க." (சத்தியமாக இதைத்தான் சொன்னேன்.)

"பூச்சின்னா அரிசி மூட்டையோட ஏத்த முடியாது. நாளன்னிக்குத் தனி வண்டிதான்."

நாளன்னிக்கு என்றதும் பெட்டி மேல் இருந்த எழுத்தைத் தொட்டுக் காட்டினேன். "பூச்சி இல்லைங்க, பூச்சு" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"அத்தத்தான் நானும் சொல்றேன். பிரிச்சுக் காட்டு. இங்க இருட்டா கீது, வெளிய வா."

உச்சி வெயிலில் முற்றத்தில் உட்கார்ந்து, நானே கட்டியதை நானே அறுத்தேன். அடியில் பூச்சி எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று காட்ட, ஒவ்வொரு தகடாக எடுத்து வெயிலில் பரப்பினேன். கடைசித் தகட்டை வைத்த பிறகுதான் அந்தக் கறுப்புத் தாள் எதற்கு என்பது ஞாபகம் வந்தது. பதறிப்போய் முந்தானையால் மூடினேன்.

"இன்னாக்கா, தகட்டுக்குக் குளுருதா?" என்றார் ஒரு லோடுமேன்.

குமாஸ்தாவுக்கு ஒரே திருப்தி. "அட, தகடு. மொதல்லயே சொல்லிக்கக் கூடாதா? கட்டு, இன்னிக்கே ஏத்திரலாம்."

ஏற்றாமல், கெட்டுப்போன தகடுகளோடு கடைக்குத் திரும்பி, அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். பாய் நெற்றியைத் தடவிக்கொண்டார். "பூச்சின்னே விட்டிருக்கலாமேம்மா. நாளன்னிக்காவது போய்ச் சேர்ந்திருக்கும்." பிறகு வேறு தகடுகளை எடுத்துக் கொடுத்துக் கட்டச் சொன்னார். தானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் அன்றைய வண்டியிலேயே ஏற்றினார். என் வேலை தப்பியது. பெட்டி மேல் எழுதுகிற வேலை மட்டும் போனது.

மகளுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல். வீட்டுக்கு எந்தப் பார்சல் வந்தாலும் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "உசுரோட கீதா, செத்து கீதா?" போன வாரம் அதைக் கேட்ட டெலிவரிக்காரர் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார். "பூச்சியா மேடம்?" என்றார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தலை அதற்குள் ஆடிவிட்டது.