கேட்டதாகக் கருதப்படும் ஆல்பங்கள்

“மாமா, இதையெல்லாம் எப்ப கேப்பீங்க?”

என் தங்கை மகள் சுவாதி ஏழு வயதில் என்னிடம் இப்படிக் கேட்டாள். அப்போது நான் அந்த வாரம் வெளியான ஆல்பங்களுக்குக் கோப்பு எண் போட்டுக்கொண்டிருந்தேன். குழந்தை என்பதால் மன்னித்தேன். மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, மூன்றாவதாக, இசையைக் கேட்காமலேயே ரசிக்கும் முறையைக் கண்டுபிடித்தது. அந்த மூன்றாவது கண்டுபிடிப்பு நிகழ்ந்த இடம் கடலூர் மாவட்டம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

‘கடலூர் – சிதம்பரம் புரோக்ரசிவ் ராக் புதுவெளியீட்டு ஆய்வு மன்றம்’ தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உறுப்பினர்கள் எண்பத்து நான்கு பேர். செயலாளர் கலியபெருமாள், அதாவது அடியேன். மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தின் பதிவறையில் எழுத்தராக இருக்கிறேன். அதனால்தான் எங்கள் மன்றத்தில் எதுவும் வாய்வார்த்தையாக நடப்பதில்லை. பொருள், பார்வை, குறிப்பு, ஆணை என்று முறையாக நடக்கும்.

புரோக்ரசிவ் ராக் அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். தாளம் ஏழில் தொடங்கி, பதினொன்றுக்குப் போய், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் ஐந்தில் வந்து நிற்கும். பாடுகிறவர் ஒன்பதாவது நிமிடத்தில்தான் வாயைத் திறப்பார். இப்படிப்பட்ட ஆல்பங்கள் உலகத்தில் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வெளியாகின்றன. எல்லாம் வெள்ளிக்கிழமைதான். உலகின் எந்த மூலையில் வெளியானாலும் காலை பத்து மணிக்குள் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். பதினொரு மணிக்குள் இசை வரலாற்றில் அதற்கான இடம் நிர்ணயிக்கப்பட்டுவிடும்.

மறைக்க விரும்பவில்லை, தொடக்கத்தில் நாங்களும் கேட்டுத்தான் பார்த்தோம். முதல் மாதமே சிக்கல் வந்தது. ஒரு வாரத்து ஆல்பங்களைக் கேட்க ஒன்பது மணி நேரம் ஆனது. விவாதிக்க நேரமில்லை. கேட்பது விவாதத்துக்குப் பெரும் இடையூறாக இருப்பதைச் செயற்குழு வருத்தத்துடன் பதிவு செய்தது. அப்போதுதான் நான் ஏழாவது விதியை எழுதினேன்:

‘ஓர் ஆல்பம் குறித்து ஐந்து உறுப்பினர்கள் கருத்துத் தெரிவித்துவிட்டால், அந்த ஆல்பம் மன்றத்தால் கேட்டதாகக் கருதப்படும்.’

அலுவலகத்தில் முப்பது நாளுக்குள் ஆட்சேபம் வராவிட்டால் சம்மதம் என்று கருதுகிறோம் அல்லவா? அதே தத்துவம்தான். ‘கேட்டதாகக் கருதப்படுகிறது’ என்று ஒரு ரப்பர் முத்திரையும் செய்துகொண்டேன். அதன் பிறகு மன்றம் அடைந்த வளர்ச்சி அளப்பரியது.

ஒரு கூட்டத்தின் நடவடிக்கையைக் கீழே தருகிறேன். இடம்: திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டிபன் கடையின் மாடி. பொருள்: நார்வே நாட்டுக் குழு ஒன்றின் புதிய ஆல்பம். முதலில் பேசியவர் தலைவர் சபாபதி, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்.

“நார்வேக்காரன் இந்தத் தடவ சறுக்கிட்டான். முதல் ஆல்பத்துல இருந்த ஆழம் இதுல இல்ல.”

“சார், இதான் அவுங்க முதல் ஆல்பம்” என்றார் பொருளாளர் இளவரசு. செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார், விவரமானவர்.

“அதைத்தான் சொல்றேன். முதல் ஆல்பத்துலயே சறுக்கிட்டான்.”

“எனக்கு அட்டப்படம் புடிச்சிருக்கு சார்” என்றார் இளவரசு. “ஒத்தக் கண்ணு ஆமை. அந்த ஆமையிலயே பாதி இசை வந்துடுச்சு.”

“மீதிப் பாதி?”

“ரெக்கார்டு தட்டோட கலர்ல இருக்கு. கரும்பச்சை. மச்சான், நீ என்னா சொல்ற?” என்று பக்கத்திலிருந்த உறுப்பினரைக் கேட்டார்.

பெரும்பான்மையினர் ஆமையை ஏற்றுக்கொண்டதாகக் குறிப்பு எழுதி முத்திரை வைத்தேன்.

இவ்வளவு சிறப்பான மன்றத்தில் ஒரே ஒரு குறை. கீரப்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அருண்பாண்டியனுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அவன் கேட்பான். காயில் சுற்றிக்கொண்டே ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்பான். கருத்துக் கேட்டால், “இன்னும் ரெண்டு தடவ கேட்டுட்டு சொல்றேண்ணே” என்பான். அவன் வாய் திறப்பதற்குள் ஐந்து கருத்துகள் சேர்ந்து, முத்திரை விழுந்து, கோப்பு அலமாரிக்குப் போயிருக்கும். ஆறு ஆண்டுகளில் அவனுடைய கருத்து ஒன்றுகூட மன்றத்தின் பதிவேட்டில் ஏறவில்லை.

அவனுக்கு நான் ஒரு விதத்தில் கடன்பட்டவன். மன்றத்தின் தொடக்க விழாவில் ‘ஏழு அட்சரத் தாளமும் மனித மனமும்’ என்ற என் கட்டுரையை வாசித்தேன். நாற்பத்தொரு நிமிடம். மூன்றாம் பக்கம் வாசிக்கும்போது, கீழ்த்தளத்தில் போண்டா வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. ஐந்தாம் பக்கத்தில் மண்டபத்தில் என்னையும் அருண்பாண்டியனையும் தவிர யாருமில்லை. அவன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டான். முடிந்ததும், “பதினோராம் பக்கத்துல ஒண்ணு சொன்னீங்களேண்ணே, அதை இன்னொரு தடவ படிக்கிறீங்களா?” என்றான். என் வாழ்நாளில் என்னிடம் யாரும் எதையும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னதில்லை. இந்த நாற்பத்தொரு நிமிடத்தை என்றாவது இவனுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று அன்று சாமி விளக்கேற்றும்போது நினைத்துக்கொண்டேன். பிறகு மன்றப் பணிகள் வந்துவிட்டன.

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலை 10.02க்கு, அருண்பாண்டியன் குழுவில் ஓர் இணைப்பை அனுப்பினான். ‘ஏழாம் மதகு’. ஆறு பாட்டு, ஐம்பத்திரண்டு நிமிடம். அவனே எழுதி, வாசித்து, பாடிய ஆல்பம். கீழே இப்படி எழுதியிருந்தான்:

‘மூணு வருஷமா பண்ணது. முழுசா கேட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. நல்லா இல்லன்னாலும் சொல்லுங்க. தேறலன்னா விட்டுடலாம்னு இருக்கேன். திட்டக்குடியில ஒருத்தர் என் கீபோர்டை விலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்கார், அவருக்குக் கொடுத்துடுவேன்.’

மன்றம் ஒரு சொந்த உறுப்பினரைக் கைவிடுமா? 10.03க்கு ‘மிரட்டல்’ என்று முதல் கருத்து வந்தது. 10.04க்கு தீ படம். 10.05க்கு இரண்டு பேர் கைதட்டும் படம். 10.06க்கு ‘வேற லெவல், ஆனா புரொடக்‌ஷன் இன்னும் கவனிச்சிருக்கலாம்’ என்று ஒரு நடுநிலையாளர். ஐம்பத்திரண்டு நிமிட ஆல்பத்தை எங்கள் மன்றம் நான்கே நிமிடத்தில் கேட்டு முடித்தது. கோப்பு எண் 3316. முத்திரை வைத்தேன். அன்று மாலைக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட கருத்துகள் சேர்ந்தன. ‘ஆண்டின் சிறந்த முடிவு’ விருதைக் கடைசிப் பாட்டான ‘வடிகால்’ பெறுவதாக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவன் நான்.

பாராட்டு விழா சிதம்பரத்தில், கீழ வீதியில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. முன்னதாகக் கோயிலுக்குப் போய் மன்றத்தின் வளர்ச்சிக்காக வேண்டிக்கொண்டேன். அருண்பாண்டியன் மனைவி பவானியுடன் வந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. விரல் நுனியெல்லாம் வார்னிஷ் கறை.

சபாபதி பொன்னாடை போர்த்திவிட்டுப் பேசினார்.

“மூணாவது பாட்டுல வர்ற புல்லாங்குழல் இருக்கே, அதைக் கேட்டு நான் அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்ல.”

“சார், மூணாவதுல புல்லாங்குழல் இல்லீங்களே” என்றான் அருண்பாண்டியன், தயங்கித் தயங்கி.

“இல்லாததுதான் என்னை உக்கார வச்சுது.”

பலத்த கைதட்டல். அடுத்து நான் எழுந்தேன். ‘வடிகால்’ பாட்டின் முடிவில் என் கண்கள் நனைந்ததைத் தழுதழுத்த குரலில் எடுத்துரைத்தேன்.

அருண்பாண்டியனின் முகம் மலர்ந்தது. “முடிவுல தவுல் சேர்த்தேண்ணே. பொருந்துமா பொருந்தாதான்னு ஒரே பயம். தவுல் சரியா இருந்துச்சா?”

“தவுல்தான்ப்பா என்னை அழ வச்சுது.”

காபி குடிக்கும்போது பவானி என் பக்கத்தில் வந்தாள். “அண்ணே, பாட்டு ஏத்துன வெப்சைட்டுல எத்தனை பேர் கேட்டாங்கன்னு நம்பர் காட்டுதாம். இவுரு தெனம் அதையே பாத்துக்கிட்டு இருக்காரு. முதல் பாட்டுக்கு ஒன்பது. ரெண்டாவதுக்கு மூணு. அதுக்கப்புறம் எல்லாம் சைபர்னு காட்டுது. அது ரிப்பேரா இருக்குமாண்ணே?”

சபாபதி முந்திக்கொண்டார். “அது வெளிநாட்டு மெஷினும்மா. நம்ம ஊரு ஆளுங்களை மெதுவாத்தான் எண்ணும்.”

அருண்பாண்டியன் சிரித்தான். பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்தான். “சரிங்க சார். எல்லாரும் வந்ததே சந்தோஷம்.” பிறகு பவானியிடம் தணிந்த குரலில் சொன்னான்: “திட்டக்குடிக்காரரை புதன்கிழமை வரச் சொல்லிடு.”

அது என் காதில் விழுந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் விழுந்தது.

மதியம் கடலூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. பக்கத்து சீட்டுக்காரர் பஸ் கிளம்பும் முன்பே தூங்கிவிட்டார். போனை எடுத்தேன். குழுவில் விழாப் புகைப்படங்களுக்குத் தீ படங்கள் வந்துகொண்டிருந்தன. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவனின் நினைவு வந்தது. நாற்பத்தொரு நிமிடம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பாட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

டிரான்ஸ்ஃபார்மர் ரீங்காரம் போல ஓர் ஓசை. அதற்குள்ளிருந்து மெதுவாக ஒரு ராகம் எழுந்தது. இரண்டாவது பாட்டில், வயல் மோட்டார் திணறித் திணறிப் பிடிப்பது போல ஏழில் ஒரு தாளம். பி.முட்லூர் போனது தெரியவில்லை. மூன்றாவதில் புல்லாங்குழல் இல்லை. நான்காவது கொஞ்சம் இழுத்தது. நடுவில் ஒரு லாரி ஹாரன் அடித்ததால் திரும்ப ஒருமுறை கேட்டேன். புதுச்சத்திரத்தைத் தாண்டியபோது ‘வடிகால்’ தொடங்கியது. பத்தொன்பது நிமிடப் பாட்டு. மதகு திறக்கிறது, தண்ணீர் எங்கோ தூரத்தில் வருகிறது, கிட்டே வருகிறது. பதினோராம் நிமிடம் தவுலில் ஓர் அடி விழுந்தது.

அதோடு நின்றுவிட்டது.

போனைப் பார்த்தேன். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது, சத்தம்தான் இல்லை. மன்றத்தில் ஆறு ஆண்டுகள் தேர்ச்சி பெற்றவன் என்பதால், ‘எட்டு நிமிட மௌனம், துணிச்சலான முயற்சி’ என்று பாராட்டத் தயாரானேன். அப்போதுதான் உறைத்தது. என்னை அழ வைத்த தவுல் எங்கே?

அந்த எட்டு நிமிடத்தையும் முழுதாக இருந்து கேட்டேன். அதைவிட நீளமான எதையும் நான் கேட்டதில்லை. ஆலப்பாக்கத்தில் அருண்பாண்டியனுக்குப் போன் செய்தேன்.

“அருணு, ‘வடிகால்’ பாதியில நின்னுடுதுப்பா. ஏத்துனதுல கோளாறா இருக்கும். பாரு.”

“எந்த நிமிஷம்ணே?”

“பதினொண்ணு இருபது. தவுல் ஒரே ஒரு அடி. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல.”

“அப்ப காலைல கண்ணு நனைஞ்சுதுன்னு…”

“பொய்ப்பா.”

திட்டுவான் என்று காத்திருந்தேன்.

“மத்த அஞ்சும் கேட்டீங்களாண்ணே?”

“கேட்டேன். இப்பதான்.”

“நாலாவது எப்படி இருக்கு?”

“நீளம். ஒரு ரெண்டு நிமிஷம் ஜாஸ்தி.”

“எனக்கும் அதே டவுட்டுதாண்ணே!” என்று கத்தினான். இருநூறு பாராட்டுகளுக்கும் பொன்னாடைக்கும் வராத சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது. “பாட்டைக் கட்டறப்பவே நெனச்சேன். எந்த இடத்துலண்ணே? அந்த ரெண்டாவது சுத்து வருதே, அங்கயா?”

“அங்கதான்.” கொஞ்சம் தயங்கிக் கேட்டேன்: “புதன்கிழமை திட்டக்குடிக்காரர் வர்றாரா?”

“அவுரு எதுக்குண்ணே? நாலாவதைக் குறைக்கணும்ல. கீபோர்டு வேணுமே.”

பக்கத்து சீட்டுக்காரர் கடைசி வரை கண் விழிக்கவில்லை.

அன்று மாலையே அவன் பாட்டைச் சரி செய்து ஏற்றிவிட்டான். மறுநாள் மதிய உணவு இடைவேளையில், பதிவறையில் தனியாக உட்கார்ந்து ‘வடிகால்’ பாட்டின் முழு முடிவையும் கேட்டேன். கண்ணீர் வரவில்லை. நன்றாக இருந்தது. இரண்டையும் அவனுக்கு எழுதினேன்.

பிறகு வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து, கோப்பு எண் 3316ஐ எடுத்து, முத்திரையின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, பக்கத்தில் பேனாவால் ‘கேட்டேன்’ என்று எழுதிக் கையொப்பமிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தேன். இதற்குச் சாட்சி கிடையாது. எங்கள் மன்றத்தில் யாரும் எந்தக் கோப்பையும் திறப்பதில்லை. மன்றம் இன்றும் சிறப்பாக இயங்கி வருகிறது. ‘ஏழாம் மதகு’ எங்கள் உறுப்பினர் அனைவராலும் கொண்டாடப்படுகிறது.

நேற்று அந்த இணையதளத்தைப் பார்த்தேன். ‘வடிகால்’: கேட்டவர்கள், இரண்டு. இரண்டும் நான்.